ஷெல் ஸ்கிரிப்டில் கேள்வியும் மெனுவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெர்மினலில் ஓடும் ஸ்கிரிப்ட் நடுவில் நின்று, உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு பெயரையோ எண்ணையோ "ஆம், இல்லை" என்ற பதிலையோ வாங்கிக்கொண்டு மேலே போவது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஷெல் என்பது டெர்மினலில் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்; அந்தக் கட்டளைகளை ஒரு ஃபைலில் வரிசையாக எழுதிவைத்ததே ஸ்கிரிப்ட். பெரும்பாலும் பாஷ் என்ற ஷெல்லை மனதில் வைத்தே பதில்கள். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். ஓட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். வேரியபிள் பெயரும் அப்படித்தான், பாஷ் தமிழில் ஏற்காது. திரையில் காட்டும் வாசகத்தைத் தாராளமாகத் தமிழில் வைக்கலாம்.

ஸ்கிரிப்ட் கேள்வி கேட்டே ஆகவேண்டுமா?

பல நேரம் வேண்டாம். கட்டளையோடு சேர்த்தே கொடுக்கக்கூடிய விஷயத்தை அப்படி வாங்கிக்கொள்வதே நல்லது. "எந்த ஃபோல்டர்?" என்று ஸ்கிரிப்ட் ஒவ்வொரு தடவையும் கேட்டால், அதை இன்னொரு ஸ்கிரிப்டிலிருந்து கூப்பிட முடியாது.

நான் கடைப்பிடிக்கும் முறை இது. ஸ்கிரிப்ட் முதலில் கட்டளை வரியில் மதிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்கும். வராவிட்டால், டெர்மினலில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும். இருந்தால் கேட்கும். இல்லையென்றால் என்ன குறைகிறது என்று ஒரு வரி சொல்லிவிட்டு, பிழை எண்ணோடு நின்றுவிடும். கேட்கும் பகுதி ஒரு ஃபங்ஷனிலும் வேலை செய்யும் பகுதி இன்னொன்றிலும் இருக்கட்டும். கீழே வரும் சிக்கல்களில் பாதி இந்தப் பிரிவினையிலேயே தீர்ந்துவிடும்.

ஒரு வரி பதில் வாங்குவதற்கு எது சரியான கட்டளை?

ரீட். கேள்வியை எக்கோ வைத்துத் தனியாக அச்சிட வேண்டியதில்லை, பாஷில் -பி கொடுத்தால் ரீட் தானே கேட்கும்:

ரீட் -ஆர் -பி "ஊர் பெயர்: " டவுன்

இதில் -ஆர் என்பதை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், பயனர் தட்டும் பின்சாய்வுக் கோட்டை ரீட் விழுங்கிவிடும். வரியின் முன்னும் பின்னும் உள்ள இடைவெளியும் அப்படியே வேண்டுமென்றால், ரீட் என்பதற்கு முன்னால் ஐஎஃப்எஸ் வேரியபிளை (வரியை எந்தக் குறிகளில் பிரிப்பது என்று சொல்வது) வெறுமையாக்கி, அதே வரியில் எழுத வேண்டும். ஊர் பெயருக்கு அது தேவையில்லை, பாஸ்வேர்டுக்குத் தேவை.

-பி காட்டும் வாசகம், சாதாரண வெளியீடு போகும் ஸ்டாண்டர்ட் அவுட்புட் வழியாக அல்ல, பிழைச் செய்திகளுக்கான ஸ்டாண்டர்ட் எரர் வழியாகப் போகிறது. உள்ளீடு டெர்மினலிலிருந்து வந்தால் மட்டுமே தெரியும். அதனால் ஸ்கிரிப்டின் வெளியீட்டை ஒரு ஃபைலுக்குத் திருப்பினாலும் கேள்வி அந்த ஃபைலுக்குள் போய் உட்காராது. நீங்களே எக்கோ போட்டுக் கேட்டால் இந்த வசதி போய்விடும்.

பதிலை முன்கூட்டியே நிரப்பிக் காட்டி, திருத்த விட வேண்டுமா? பாஷ் 4 முதல் -ஈ, -ஐ இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம். அம்புக்குறி விசைகளும் அப்போது ஒழுங்காக வேலை செய்யும்.

என் மெஷினில் ஓடுகிறது, நண்பருடைய மேக்கில் ஓடவில்லை. ஏன்?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

மேக்கில் 2019இல் வந்த கேட்டலினா முதல், புதிய கணக்குகளுக்கு இசட்ஷெல்தான் வழக்கமான ஷெல். இசட்ஷெல்லில் ரீட் -பி என்றால் அர்த்தமே வேறு: கோபிராசஸ் எனப்படும் துணைச் செயலிலிருந்து படி என்று பொருள். அது இல்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். முதல் வரியில் பாஷ் என்று குறிப்பிட்டு, ஸ்கிரிப்டை நேரடியாக ஓட்டினால் இது தீரும்.

அடுத்தது, மேக்கோடு வரும் பாஷ் 3.2 தொடரைச் சேர்ந்தது. அதில் -ஐ கிடையாது, காத்திருப்பு நேரத்துக்குப் பின்னம் கொடுக்கவும் முடியாது.

மூன்றாவது லினக்ஸிலும் நடக்கும். ஸ்கிரிப்டை "எஸ்எச்" என்று அழைத்து ஓட்டினால், டெபியனிலும் உபுண்டுவிலும் ஓடுவது டாஷ் என்ற சிறிய ஷெல். அதில் ரீட் -பி உண்டு, -எஸ் இல்லை, -என் இல்லை, மெனு போடும் செலக்ட்டும் இல்லை (இவை மூன்றும் கீழே வருகின்றன). பாஷுக்கென்று எழுதியதைப் பாஷில்தான் ஓட்டவேண்டும்.

"ஆம், இல்லை" கேள்வியை எப்படி எழுதுவது?

ரீட் வாங்கிய பதிலை கேஸ் என்ற கட்டளைக்குள் விட்டுப் பிரிப்பதுதான் தெளிவான வழி. ஒரு கிளையில் சின்ன ஒய், பெரிய ஒய், "ஆ", "ஆம்" எல்லாவற்றையும் செங்குத்துக் கோடு (|) போட்டுப் பிரித்து எழுதலாம். மீதி எல்லாவற்றுக்கும் நட்சத்திரக் குறிக் கிளை. பாஷ் தமிழ் எழுத்தைப் பொருத்திப் பார்ப்பதில் ஒரு சிரமமும் இல்லை.

யோசிக்க வேண்டியது, வெறும் என்டர் அடித்தால் என்ன ஆகவேண்டும் என்பது. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. அடைப்புக்குறிக்குள் ஒய், என் இரண்டையும் போட்டு, எது இயல்பான பதிலோ அதைப் பெரிய எழுத்தில் காட்டுவார்கள். டெபியனிலும் உபுண்டுவிலும் மென்பொருள் நிறுவும் ஆப்ட் "தொடரலாமா?" என்று கேட்கும்போது ஒய் பெரிதாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது. [ஆ/இ] என்று மட்டும் எழுதினால் என்டர் அடிப்பவருக்கு என்ன நடக்கும் என்று தெரியாது. அதனால் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்:

பழைய ஃபைல்களை அழிக்கலாமா? [ஆ/இ, வெறும் என்டர் = இல்லை]

அழிக்கும் வேலைக்கு இயல்பான பதில் எப்போதும் "இல்லை"தான். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. வரிசையாக நாலு கேள்விக்கு என்டர் தட்டிக்கொண்டு வருகிறவர் ஐந்தாவதையும் படிக்காமலே தட்டுவார்.

அதைவிடப் பெரிய அழிவென்றால் ஒற்றை எழுத்தே போதாது. தொலைவில் உள்ள மெஷினில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் புதிய சர்வரோடு முதல்முறை இணையும்போது வெறும் ஒய் என்று தட்டிப் பாருங்கள், ஏற்காது. முழுச் சொல்லையும் கேட்கும். கிட்ஹப் ஒரு களஞ்சியத்தை அழிக்கும் முன் அதன் பெயரையே தட்டச் சொல்கிறது. உங்கள் ஸ்கிரிப்ட் ஒரு டேட்டாபேஸை அழிக்கப்போகிறதென்றால் அந்த டேட்டாபேஸின் பெயரைத் தட்டச் சொல்லுங்கள். பெயரைத் தட்டும் அந்த நாலு நொடியில்தான் "ஐயோ, இது வேறு சர்வர் அல்லவா" என்பது உறைக்கும்.

என்டர் அடிக்காமல் ஒரே எழுத்தில் பதில் வாங்க முடியுமா?

முடியும், ரீட் -என் 1. ஒரு எழுத்து விழுந்ததும் திரும்பிவிடும். அதன்பின் ஒரு வெற்று எக்கோ போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வாசகம் அதே வரியில் ஒட்டிக்கொள்ளும்.

தமிழில் பதில் வாங்கப்போகிறீர்கள் என்றால் இதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கவேண்டும். பாஷுக்கு "ஒரு எழுத்து" என்பது யூனிகோடில் ஒரு குறியீடு. "ஆ", "இ" ஆகிய உயிரெழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரே குறியீடு. அதனால் யூடிஎஃப்-8 சூழலில் "ஆம்" என்பதற்கு ஆ, "இல்லை" என்பதற்கு இ என்று வைத்தால் -என் 1 சரியாகவே வேலை செய்யும். ஆனால் "வேண்டாம்" என்பதற்கு "வே" என்று வைத்தீர்களானால், நம் கண்ணுக்கு அது ஒரே எழுத்து, பாஷுக்கு வ ஒன்று, ஏகாரக் கொம்பு இன்னொன்று. ரீட் வ-வை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும், கொம்பு வரிசையில் காத்திருந்து அடுத்த ரீட்டுக்குப் பதிலாகப் போய் விழும். "நான் தட்டாமலே அடுத்த கேள்வியைத் தாண்டிவிட்டது" என்ற புகாருக்கு இது ஒரு காரணம். எண்களை வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை, கீபோர்டைத் தமிழுக்கு மாற்ற வேண்டியதும் இல்லை.

பாஸ்வேர்ட் கேட்கும்போது திரையில் தெரியக்கூடாது.

பாஷில் ரீட் -எஸ். தட்டுவது தெரியாது, என்டரும் தெரியாது, அதனால் பின்னால் ஒரு எக்கோ வேண்டும். டாஷ் போன்ற ஷெல்லில் எஸ்டிடிஒய் கட்டளையால் எதிரொலியை அணைத்து, படித்து, மறுபடி போடவேண்டும். நடுவில் யாராவது கன்ட்ரோல்-சி அடித்தால் எதிரொலி அணைந்தபடியே நின்றுவிடும், அவர் தட்டுவது எதுவும் தெரியாது. இப்படி நின்றால் என்ன செய்வது என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் டிராப் கட்டளையில் குறுக்கீட்டுக்கும் வெளியேற்றத்துக்கும் சேர்த்து மீட்கும் வரியைக் கட்டிவையுங்கள். மாட்டிக்கொண்டவர் கண்ணை மூடிக்கொண்டு "ரீசெட்" என்று தட்டி என்டர் அடித்தால் திரை திரும்பும்.

வாங்கிய பாஸ்வேர்டை இன்னொரு நிரலுக்குக் கட்டளை வரி வழியாகக் கொடுக்காதீர்கள். அது ஓடும்போது அதே மெஷினில் உள்ள மற்றவர்கள் ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையில் அதைப் படிக்க முடியும். உள்ளீட்டு வழியாகக் கொடுங்கள்.

எண் போட்ட மெனு வேண்டும். சுலபமான வழி எது?

செலக்ட். கார்ன் ஷெல்லிலிருந்து பாஷுக்கு வந்தது. பட்டியலைக் கொடுத்தால் எண் போட்டு அச்சிட்டு, பதில் வாங்கி, மறுபடி கேட்கும்:

1) பேக்கப் எடு
2) பழைய பேக்கப்களைக் காட்டு
3) வெளியேறு
எண்ணைத் தட்டுங்கள்:

கடைசி வரியை பிஎஸ்3 என்ற வேரியபிளில் வைக்கவேண்டும். வைக்காவிட்டால் "#?" என்று ஒரு குறி மட்டும் நிற்கும், முதல்முறை பார்க்கிறவருக்கு அது ஒன்றையும் சொல்லாது. பட்டியலில் இல்லாத எண்ணைத் தட்டினால் உங்கள் வேரியபிள் வெறுமையாக வரும், தட்டியது என்ன என்பது ரிப்ளை என்ற வேரியபிளில் இருக்கும். வெறும் என்டர் தட்டினால் மெனுவை மறுபடி காட்டும். வேலை முடிந்ததும் பிரேக் போட மறக்காதீர்கள், செலக்ட் தானாக நிற்காது.

ஒரு ஃபோல்டரில் உள்ள ஃபைல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடுவதற்கு இதைப்போல் கைக்கு அடக்கமான வழி வேறில்லை. பட்டியலுக்குப் பதில் நட்சத்திரக் குறியைப் போட்டால் போதும், பெயரில் இடைவெளி இருந்தாலும் உடையாது. ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையின் வெளியீட்டைக் கொடுத்தால்தான் உடையும்.

செலக்டின் குறை அதன் தோற்றம். பட்டியல் நீண்டால் பத்திகளாக மடிக்கும், அந்த அடுக்கு நம் கையில் இல்லை. கட்டுப்பாடு வேண்டுமென்றால் ஒரு வைல் லூப், உள்ளே மெனுவை அச்சிடும் வரிகள், ரீட், கேஸ் என்று நீங்களே கட்டுங்கள். இருபது வரிதான் வரும்.

நீலத் திரையில் பெட்டி பெட்டியாக வரும் மெனுவை எப்படிச் செய்கிறார்கள்?

டயலாக் அல்லது விப்டெயில். டயலாக் மூத்தது, என்கர்சஸ் நூலகத்தின் மேல் நிற்பது, பெட்டி வகைகள் அதிகம். ஸ்லாக்வேரின் நிறுவல் திரை அதைத்தான் பயன்படுத்துகிறது. விப்டெயில் நியூட் என்ற சிறிய நூலகத்தின் மேல் எழுதப்பட்டது. ராஸ்பெரி பையில் ராஸ்பி-கான்ஃபிக் திறந்திருந்தால் விப்டெயிலைப் பார்த்துவிட்டீர்கள். டெபியனிலும் உபுண்டுவிலும் பெரும்பாலும் அது ஏற்கனவே இருக்கும் என்பதால் நான் முதலில் விப்டெயிலையே எடுக்கிறேன்.

மெனுவுக்கு ஒரு வாசகம், உயரம், அகலம், பட்டியலின் உயரம், அப்புறம் சோடி சோடியாக அடையாளமும் விளக்கமும் கொடுக்கவேண்டும். பல டிக் அடிக்கும் பட்டியல், ஆம்-இல்லை பெட்டி, பாஸ்வேர்ட் பெட்டி, முன்னேற்றக் கோடு எல்லாம் உண்டு. சர்வரில் ஸ்கிரிப்டை நீங்கள் மட்டும் ஓட்டுகிறீர்கள் என்றால் இதெல்லாம் தேவையில்லை. டெர்மினலைக் கண்டால் தயங்கும் சக ஊழியருக்கு எழுதும்போது அம்புக்குறியால் நகர்ந்து என்டர் அடிக்கும் பெட்டி பெரிய உதவி. நான் இரண்டு விதமானவர்களுக்கும் எழுதியிருக்கிறேன். கருப்புத் திரையில் எண் தட்டப் பயந்தவர்கள் பெட்டியில் தயங்காமல் தேர்ந்தெடுத்தார்கள்.

விப்டெயில் பெட்டி வருகிறது, ஆனால் பதில் வேரியபிளில் விழவில்லை.

எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. விப்டெயில் பெட்டியை வரைவது ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில், பதிலைச் சொல்வது ஸ்டாண்டர்ட் எரரில். டாலர் குறியும் அடைப்புக்குறியும் போட்டு வெளியீட்டைப் பிடித்தால், படம் வேரியபிளுக்குள் போகிறது, பதில் திரையில் சிந்துகிறது. இரண்டையும் இடம் மாற்றவேண்டும். கட்டளையின் கடைசியில் இதைச் சேருங்கள்:

3>&1 1>&2 2>&3

1 என்பது ஸ்டாண்டர்ட் அவுட்புட், 2 என்பது ஸ்டாண்டர்ட் எரர். இடமிருந்து வலமாகப் படியுங்கள். பதிலைப் பிடிக்கும் குழாயை 3 என்ற காலி எண்ணில் ஒதுக்கி வைக்கிறோம். படம் போகும் 1ஐ, திரையை நோக்கியிருக்கும் 2க்குத் திருப்புகிறோம். பிறகு பதில் போகும் 2ஐ, ஒதுக்கிவைத்த 3க்கு விடுகிறோம். இரண்டு டம்ளரில் உள்ளதை மாற்ற மூன்றாவது டம்ளர் எடுப்பது போலத்தான். டயலாக்கில் இதற்கென்றே --ஸ்டிடிஅவுட் என்ற தேர்வும் இருக்கிறது.

பயனர் கேன்சல் அடித்தால் எக்ஸிட் கோடு (கட்டளை முடியும்போது வென்றதா தோற்றதா என்று சொல்லும் எண்) 1, எஸ்கேப் அடித்தால் 255. ஸ்கிரிப்டின் மேலே செட் -ஈ (ஒரு கட்டளை தோற்றாலே நின்றுவிடு) போட்டிருந்தால் கேன்சல் அடித்த நொடியே ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் செத்துவிடும். பதில் வாங்கும் வரியை இஃப் நிபந்தனைக்குள் வையுங்கள். ஃபங்ஷனுக்குள் லோக்கல் என்று அறிவித்து அதே வரியில் மதிப்பும் வாங்கினால் எக்ஸிட் கோடு மறைந்துபோகும்: லோக்கல் வெற்றி பெற்றது என்பது மட்டுமே தெரியும். முதல் வரியில் அறிவிப்பு, இரண்டாவது வரியில் மதிப்பு.

அதே ஸ்கிரிப்டை கிரானில் போடலாமா?

கிரான் என்பது குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டுவது. ஆள் இருக்கிறாரா என்று சோதிக்காமல் அதில் போடாதீர்கள். நான் ஒருமுறை பேக்கப் ஸ்கிரிப்ட் ஒன்றில், தப்பான பதில் வந்தால் "மறுபடி தட்டவும்" என்று சொல்லி லூப் முழுக்கச் சுற்றும்படி எழுதியிருந்தேன். கையால் ஓட்டியபோது ஒரு குறையும் இல்லை. இரவு 2 மணிக்கு கிரான் அதை ஓட்டியது. அங்கே தட்டுவதற்கு யாரும் இல்லை என்பதால் ரீட் காத்திருக்கக்கூட இல்லை. உள்ளீடு முடிந்துவிட்டது என்று உடனே திரும்பியது. வெறும் பதில், "மறுபடி தட்டவும்", மறுபடி ரீட். காலையில் பார்த்தால் அந்த ஒரே வாசகம் டிஸ்க் நிறையும்வரை லாக் ஃபைலில் எழுதப்பட்டிருந்தது. பேக்கப் எடுக்கப்படவே இல்லை.

இரண்டு திருத்தங்கள் போதும். ரீட் தோற்றால் லூப்பை விட்டு வெளியேறவேண்டும். பதிலை மட்டும் பார்க்காமல், ரீட் வென்றதா என்பதையும் பாருங்கள். கேட்பதற்கு முன், டெஸ்ட் கட்டளையில் -டி 0 என்று கொடுத்து உள்ளீடு டெர்மினலா என்று பாருங்கள். இணையத்திலிருந்து இறக்கி நேரே பாஷுக்குள் குழாய் வழியாக விடும் நிறுவல் ஸ்கிரிப்டிலும் இதே சிக்கல்தான்: அங்கே உள்ளீட்டில் இருப்பது ஸ்கிரிப்டே. ரீட் போட்டால் ஸ்கிரிப்டின் அடுத்த வரியை எடுத்துக்கொண்டு வரும். அப்போது டெர்மினலைக் குறிக்கும் டிடிஒய் சாதனத்திலிருந்து நேரடியாகப் படிக்கச் சொல்லவேண்டும்.

ஃபைலை வரிவரியாகப் படிக்கும் லூப்புக்குள் கேள்வி கேட்டால், பயனரைக் கேட்காமலே போகிறது.

வெளி லூப்பின் ரீட்டும் உள்ளே உள்ள ரீட்டும் ஒரே வழியில் படிக்கின்றன. ஃபைலின் அடுத்த வரியே பதிலாகப் போய்விடுகிறது. ஃபைலை 3ஆம் எண்ணில் திறந்து, வெளி ரீட்டை -யூ 3 என்று சொல்லிப் படிக்கச் சொல்லுங்கள். உள்ளே எஸ்எஸ்எச் இருந்தாலும் மிச்ச வரிகளை அது உறிஞ்சிவிடும். அதற்கு -என் கொடுக்கவேண்டும்.

பதில் வராவிட்டால் சும்மா காத்திருக்க வேண்டாம்.

ரீட் -டி 30. முப்பது நொடியில் பதில் வராவிட்டால் எக்ஸிட் கோடு 128க்கு மேல் வரும். அப்போது பாதுகாப்பான வழியை எடுங்கள், அழிக்கும் வழியை அல்ல.

பயனர் என்ன தட்டினாலும் பாதகமில்லாமல் எழுதுவது எப்படி?

வேரியபிளை எப்போதும் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். கொடுத்த எழுத்தைக் கட்டளையாகவே ஓட்டிவிடும் இவால் கட்டளையின் பக்கமே போகாதீர்கள். இவை பலருக்கும் தெரியும். தெரியாதது எண் விஷயம். பயனர் தந்ததை நேரே கணக்கு அடைப்புக்குறிக்குள் போட்டால், பாஷ் அதை எண்ணாக மட்டும் பார்ப்பதில்லை. அரே ஒன்றின் பெயர் போல எழுதி, சதுர அடைப்புக்குள் ஒரு கட்டளையை ஒளித்துத் தட்டினால் அந்தக் கட்டளை ஓடிவிடும். இரட்டைச் சதுர அடைப்பில் -ஈக்யூ போட்டு ஒப்பிட்டாலும் அப்படியே. அதனால் கணக்குக்கு முன்பே, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை இலக்கங்கள் மட்டும்தானா என்று பொருத்திப் பாருங்கள்.

அப்புறம் 08, 09. யாராவது மாதத்தை 08 என்று தட்டினால் பாஷ் முதலில் உள்ள சுழியைப் பார்த்து எட்டை அடியாகக் கொண்ட எண்ம முறை என்று எடுத்துக்கொண்டு, எட்டு அதில் கிடையாது என்று பிழை காட்டும். ஜூலை வரை ஓடிய ஸ்கிரிப்ட் ஆகஸ்டில் விழுவது இதனால்தான். எண்ணுக்கு முன்னால் 10# சேர்த்தால் பதின்ம முறையாகப் படிக்கும்.

எஃப்இசட்எஃப், கம் போன்ற புதிய கருவிகள்?

நீண்ட பட்டியலில் தட்டத் தட்ட வடிகட்டித் தேட எஃப்இசட்எஃப் அருமை. படத்தை டெர்மினலில் நேரே வரைந்து, பதிலை ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் தருவதால் எண் மாற்றும் வேலையும் இல்லை. கம் என்பது ஸ்கிரிப்டில் அழகான கேள்விகளும் தேர்வுப் பட்டியலும் போட உதவும் கருவி. ஆனால் இரண்டையும் தனியாக நிறுவவேண்டும். மற்றவர் மெஷினில் ஓடவேண்டிய ஸ்கிரிப்ட் என்றால், அவை இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லாவிட்டால் செலக்டுக்கு இறங்கும்படி எழுதுங்கள்.

தமிழ் மெனுவில் பத்திகள் நேராக நிற்கவில்லை.

பத்தியாக அச்சிட உதவும் பாஷின் பிரிண்ட்எஃப் அகலத்தை பைட் கணக்கில் அளக்கிறது. "சென்னை" நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஆறு குறியீடு. யூடிஎஃப்-8இல் 18 பைட். "மதுரை"யும் நமக்கு மூன்று எழுத்துதான், ஆனால் 15 பைட். 20 அகலம் ஒதுக்கினால் சென்னைக்குப் பின் 2 இடைவெளியும் மதுரைக்குப் பின் 5 இடைவெளியும் விழும். இதற்குமேல், தமிழ் எழுத்தை எவ்வளவு அகலமாக வரைவது என்பதில் டெர்மினலுக்கு டெர்மினல் வேறுபாடு உண்டு; விப்டெயில் பெட்டியின் வலது ஓரம் கோணலாக நிற்பதும் அதனால்தான்.

கணக்குப் போட்டுச் சரிசெய்யப் பார்ப்பதைவிட வரியின் அமைப்பை மாற்றுவது நல்லது. எண், தேதி, அளவு போன்ற இலக்கங்களை முன்னால் நிறுத்துங்கள், தமிழ்ச் சொல்லைக் கடைசியில் வையுங்கள்:

1) 2024-03-01   412 எம்பி   சென்னை கிளை
2) 2024-03-02    98 எம்பி   மதுரை கிளை

வலப்பக்கம் எதுவும் தொடராததால் அகலம் எப்படி இருந்தாலும் வரிசை கலையாது.